மூல் கணக்கு பிழைக்கும்போது: விடையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

தரம் 10 விஞ்ஞானத்தில் மூல் பாடம் தொடங்கிய நாளிலிருந்து உயர்தர இரசாயனவியல் முடியும்வரை, கொப்பிகளில் புதுப்புதுப் பிழைகள் வருவதில்லை. அதே ஆறேழு பிழைகள்தான் வேறு வேறு கையெழுத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு. பிழையான விடையைப் பார்த்தே எந்த வரியில் சறுக்கியது என்று சொல்லிவிடலாம். அதனால் "எனக்கு மூல் ஓடாது" என்று முழுப் பாடத்தையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. எது ஓடவில்லை என்று பார்த்து அதை மட்டும் திருத்தினால் போதும்.

முதல் வேலை இது: உங்கள் விடையைச் சரியான விடையால் வகுங்கள்.

- 2, ½, 3, 4 போல முழு எண் விகிதம் வந்தால் அறிகுறி 1.
- 0.89, 1.4, 0.48 என்று ஒழுங்கில்லாமல் வந்தால் அறிகுறி 2.
- 10 இன் வலு எக்கச்சக்கமாக வந்தால் அறிகுறி 3.
- 1000 அல்லது ஆயிரத்தில் ஒன்று என்றால் அறிகுறி 4.
- ஒற்றைப் பொருள் கணக்குகள் சரி, இரசாயனத் தாக்கம் வந்தால் மட்டும் பிழை என்றால் அறிகுறி 5.
- தாளில் எல்லாம் சரி, ஆய்வுகூடத்தில் ஒத்துவரவில்லை என்றால் அறிகுறி 6.

விடை தரப்படாத வினாத்தாள் என்றால் வகுக்க முடியாது. அப்போது கையில் ஓர் அளவுகோல் வேண்டும். ஒரு கிளாஸ் பிளேன்டீயில் 180 கிராம் தண்ணீர் இருந்தால் அது 10 மூல் தண்ணீர். கையில் ஏந்தக்கூடிய பொருட்கள் பெரும்பாலும் 0.01 மூலுக்கும் சில பத்து மூலுக்கும் இடையில்தான் நிற்கும். 5 கிராம் உப்புக்கு 300 மூல் என்று விடை வந்தால், பேனையைக் கீழே வைத்துவிட்டு முதல் வரியிலிருந்து பாருங்கள்.

இங்குள்ள கணக்குகளுக்கு எடுத்த சாரணுத் திணிவுகள் (ஓர் அணு மற்றவற்றோடு ஒப்பிட எவ்வளவு கனம் என்று சொல்லும் எண்): ஐதரசன் 1, காபன் 12, நைதரசன் 14, ஒட்சிசன் 16, சோடியம் 23, மகனீசியம் 24, அலுமினியம் 27, கந்தகம் 32, குளோரீன் 35.5, பொற்றாசியம் 39, கல்சியம் 40, செப்பு 63.5.

## கேள்வியே பிடிபடவில்லை என்றால்

தமிழில் படிப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தடை இது. மூல், மூலகம், மூலக்கூறு, மூலம், மூலர் என்று ஐந்து சொற்கள் ஒரே முகத்தோடு நிற்கின்றன. வேகமாக வாசிக்கும்போது கண் முதல் இரண்டெழுத்தைப் பார்த்து மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். மூலகம் என்பது சோடியம், செப்பு போன்ற ஒரு வகை. மூலக்கூறு என்பது அணுக்கள் சேர்ந்த ஒரு துணிக்கை. மூலம் என்பது அமிலத்துக்கு எதிரே நிற்பது; இந்தப் பாடத்துக்கு அது அந்நியம். மூல் என்பது டசின் போல எண்ணிக்கைக்கான அலகு; ஒரு மூல் என்றால் 6.022 × 10²³ துணிக்கைகள். மூலர்த் திணிவு என்பது ஒரு மூலின் திணிவு.

திருத்தம் சிறியது. கேள்வித்தாளில் இந்தச் சொற்கள் வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடிட்டு, அதன் கடைசி எழுத்தை வட்டமிடுங்கள். 'மூல்' என்பதா 'மூலக்கூறு' என்பதா என்று கை நின்று பார்க்கும். அதோடு சாரணுத் திணிவுக்கு அலகு கிடையாது, மூலர்த் திணிவுக்கு 'மூலுக்கு இத்தனை கிராம்' என்ற அலகு உண்டு. எண் ஒன்றேயானாலும் அலகு விட்டால் புள்ளி போகும்.

## அறிகுறி 1: விடை சரியாகப் பாதி, அல்லது இரட்டிப்பு, மூன்று மடங்கு

கொப்பிகளில் மிக அதிகமாக வருவது இதுதான். மற்ற எதற்கும் நேரம் இல்லாவிட்டாலும் இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள்.

### எளிய காரணம்: எதன் மூல் என்று எழுதவில்லை

'0.5 மூல்' என்பது பாதி வசனம். எதன் 0.5 மூல்?

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய 100 கொழுந்து ஒரு கூடையில் இருக்கிறது என்று வையுங்கள். கூடையில் எத்தனை? கொழுந்து என்றால் 100. இலை என்றால் 200. மொட்டு என்றால் 100. உதிர்த்துத் துண்டு துண்டாக எண்ணினால் 300. கூடை ஒன்றுதான், கேள்வி மாற விடை மாறுகிறது. தண்ணீர் மூலக்கூறும் இப்படியே: ஐதரசன் இரண்டு இலை, ஒட்சிசன் ஒரு மொட்டு.

9 கிராம் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் மூலர்த் திணிவு 1 + 1 + 16 = 18. திணிவை அதால் வகுத்தால் 9 ÷ 18 = 0.5. அது தண்ணீர் மூலக்கூறுகள் 0.5 மூல். ஐதரசன் அணுக்கள் 1 மூல். ஒட்சிசன் அணுக்கள் 0.5 மூல். அணுக்கள் எல்லாமாக 1.5 மூல். கேள்வி "அணுக்களின் மொத்த எண்ணிக்கை" என்று கேட்டு நீங்கள் 0.5 இல் நின்றிருந்தால், விடை மூன்றில் ஒன்றாக வரும்.

சோதனை: ஒவ்வொரு மூல் எண்ணுக்குப் பின்னாலும் துணிக்கையின் பெயரை எழுதுங்கள். '0.5 மூல் தண்ணீர் மூலக்கூறு' என்று முழுதாக. அலுப்பாக இருக்கும். இரண்டு வாரம் விடாமல் எழுதினால் பாதி-இரட்டிப்புப் பிழைகளில் பெரும்பகுதி தானாக நின்றுவிடும்.

### அடுத்த காரணம்: இரட்டையாகத் திரியும் வாயுக்கள்

8 கிராம் ஒட்சிசன் வாயு எத்தனை மூல்? 8 ÷ 16 என்று 0.5 எழுதினால் இரட்டிப்பு. வாயுவாக இருக்கும் ஒட்சிசன் இரண்டிரண்டு அணுவாகப் பிணைந்த மூலக்கூறு, அதன் மூலர்த் திணிவு 32. சரியான விடை 0.25 மூல் ஒட்சிசன் மூலக்கூறு.

இந்த ஏழு மூலகங்களை மனனம் செய்தே ஆகவேண்டும்: ஐதரசன், நைதரசன், ஒட்சிசன், புளோரீன், குளோரீன், புரோமீன், அயடீன். ஈலியம், நேயன், ஆகன் ஒற்றை அணுவாகவே இருக்கும். அவற்றை இரட்டிப்பாக்குவதும் பிழை. 'ஒட்சிசன் அணு' என்று கேள்வியே தெளிவாகச் சொன்னால் 16, 'ஒட்சிசன் வாயு' என்றால் 32.

### அயன் சேர்வைகள்

கல்சியம் குளோரைட்டு 11.1 கிராம். மூலர்த் திணிவு 40 + 71 = 111. ஆக 0.1 மூல். கரைந்ததும் கல்சியம் அயன் 0.1 மூல், குளோரைட்டு அயன் 0.2 மூல், எல்லா அயன்களும் 0.3 மூல். சோடியம் குளோரைட்டில் மூலக்கூறே இல்லை என்பதால், 'உப்பின் மூலக்கூறுகள்' என்று எழுதுவதும் தவிர்க்க வேண்டிய ஒன்று.

### கூடுதல் வேலை கேட்கும் காரணம்: குணகத்தை மூலர்த் திணிவுக்குள் திணிப்பது

சமன்பாட்டில் தண்ணீருக்கு முன்னால் 2 நின்றால், மூலர்த் திணிவை 36 என்று எடுக்கும் பழக்கம். முன்னால் நிற்கும் குணகம் எத்தனை மூல் என்று சொல்கிறது. குறியீட்டுக்குக் கீழே நிற்கும் சின்ன எண் ஒரு துணிக்கைக்குள் எத்தனை அணு என்று சொல்கிறது. தண்ணீர் எந்தச் சமன்பாட்டில் வந்தாலும் மூலுக்கு 18 கிராம்தான். இது ஊறிவிட்டால் தாக்கக் கணக்குகள் எல்லாம் சாயும். மூலர்த் திணிவைச் சமன்பாட்டுக்கு வெளியே, கொப்பியின் வலது ஓரத்தில் தனிப் பெட்டியில் கணித்துவிட்டு வாருங்கள். அந்தப் பெட்டிக்குள் குணகம் நுழையக்கூடாது.

### எப்போது ஆசிரியரிடம் போகவேண்டும்

பெயர் எழுதும் பழக்கம் வந்த பிறகும் பத்துக் கணக்கில் மூன்று பாதியாக வந்தால், சூத்திரம் எழுதுவதே தடுமாறுகிறது என்று பொருள். கல்சியம் குளோரைட்டில் குளோரீன் ஏன் இரண்டு என்பது வலுவளவுப் பாடம். பிழைத்த மூன்று கணக்குகளையும் அழிக்காமல் அப்படியே கொண்டு போய்க் காட்டுங்கள். அழித்து எழுதிய கொப்பியில் ஆசிரியருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

## அறிகுறி 2: விகிதம் ஒழுங்கில்லாமல் வருகிறது

அநேகமாக மூலர்த் திணிவே பிழை. கணக்கின் மீதியைத் தொடாமல் கூட்டலை மட்டும் திரும்பச் செய்யுங்கள்.

அணுவெண்ணை எடுத்தது. சோடியத்துக்கு 23 க்குப் பதில் 11, மகனீசியத்துக்கு 24 க்குப் பதில் 12. உங்கள் மூலர்த் திணிவு சரியானதில் ஏறத்தாழ பாதிக்கு இறங்கியிருந்தால் இதுதான். ஆவர்த்தன அட்டவணையில் ஒரு கட்டத்தில் இரண்டு எண் இருந்தால், பெரியதுதான் திணிவு.

குளோரீனைச் சுருட்டியது. 35.5 ஐ 35 அல்லது 36 ஆக எடுத்தால் விடை சற்றே விலகும். தசம வகுத்தல் கடினமாக இருக்கிறது என்பதற்காகச் சுருட்ட வேண்டாம். 11.7 ÷ 58.5 என்பதை 117 ÷ 585 ஆக்கினால் 0.2 என்று அழகாக முடியும். பரீட்சை மண்டபத்தில் கணிகருவி இல்லை. வினாத்தாள் தயாரிப்பவர்கள் எண்களை முடிகிற மாதிரித்தான் தருவார்கள். ஒரு வகுத்தல் முடியாமல் இழுத்துக்கொண்டே போனால், மேலே மூலர்த் திணிவில் ஏதோ பிழை.

அடைப்புக்குறி. இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். அமோனியம் சல்பேற்றில் அமோனியம் கூட்டம் அடைப்புக்குள் நிற்கிறது, வெளியே 2. அந்த 2 உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் பெருக்கும்:

2 × (14 + 4) + 32 + (4 × 16) = 36 + 32 + 64 = 132

நைதரசனை விட்டுவிட்டு ஐதரசனை மட்டும் இரட்டிப்பாக்கினால் 14 + 8 + 32 + 64 = 118 வரும். 132 ஐ 118 ஆல் வகுத்தால் 1.12, உங்கள் மூல் விடை அந்த மடங்கு கூடியிருந்தால் பிழை அடைப்புக்குறியில்.

கூட்டுவதற்கு முன் அணுக்களை எண்ணி ஒரு வரி எழுதுங்கள்: நைதரசன் 2, ஐதரசன் 8, கந்தகம் 1, ஒட்சிசன் 4. பிறகு பெருக்குங்கள், பிறகு கூட்டுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் செய்வது கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். புள்ளி போவது அங்கேதான்.

பயிற்சிக்கு இரண்டு: டொலமைட்டில் கல்சியம் 1, மகனீசியம் 1, காபனேற்றுக் கூட்டம் 2. 40 + 24 + 2 × 60 = 184. அலுமினியம் சல்பேற்றில் அலுமினியம் 2, சல்பேற்றுக் கூட்டம் 3. 54 + 3 × 96 = 342. சீனிக்கும் இதே 342 தான் வரும்: காபன் 12, ஐதரசன் 22, ஒட்சிசன் 11. மூலர்த் திணிவை மட்டும் வைத்துப் பொருள் எதுவென்று சொல்ல முடியாது என்பதற்கு இந்த இரண்டும் நல்ல சாட்சி.

பளிங்கு நீர். நீலச் செப்பு சல்பேற்றின் சூத்திரத்தில் நடுவே ஒரு புள்ளி, பிறகு 5 தண்ணீர். அந்தப் புள்ளி பெருக்கல் குறி அல்ல. 159.5 + (5 × 18) = 249.5. மழை நாளில் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிப்பார்கள் அல்லவா? தராசில் ஏறியது எல்லாம் கொழுந்து இல்லை என்பதுதான் அதற்குச் சொல்லும் காரணம். பளிங்கையும் அப்படிப் பாருங்கள். 249.5 கிராம் நீலப் பளிங்கை நிறுத்தால் அதில் 90 கிராம் தண்ணீர். செப்பு சல்பேற்றின் மூல் எண்ணிக்கை வேண்டுமென்றால் நிறுத்த திணிவை 249.5 ஆல் வகுக்க வேண்டும், 159.5 ஆல் அல்ல. 'நீரற்ற' என்ற சொல் கேள்வியில் இருந்தால் மட்டும் 159.5.

### சோதனை: உர மூட்டை

மூலர்த் திணிவு சரியா என்று பார்க்கத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. யூரியா மூட்டையில் நைதரசன் 46 வீதம் என்று அச்சிட்டிருக்கும். யூரியாவில் காபன் 1, ஒட்சிசன் 1, நைதரசன் 2, ஐதரசன் 4. மூலர்த் திணிவு 12 + 16 + 28 + 4 = 60. நைதரசனின் பங்கு 28 ÷ 60, அதாவது 46.7 வீதம். மூட்டையோடு ஒத்துப்போகிறது. அமோனியம் சல்பேற்றுக்கு 28 ÷ 132 = 21.2 வீதம், அந்த மூட்டையில் 21 என்று இருக்கும். உங்கள் கணக்கில் 118 எடுத்திருந்தால் 23.7 வரும், மூட்டையே பிழையைக் காட்டிக் கொடுக்கும்.

பொற்றாசியம் குளோரைட்டில் மட்டும் கவனம். 39 ÷ 74.5 = 52.3 வீதம் வரும், மூட்டையில் 60 என்று இருக்கும். உங்கள் கணக்கில் பிழை இல்லை. உர வியாபாரத்தில் பொற்றாசியத்தைப் பொற்றாசியம் ஒட்சைட்டாக மாற்றிச் சொல்வது வழக்கம். இரண்டு மூல் குளோரைட்டு 149 கிராம், அதிலுள்ள பொற்றாசியம் ஒரு மூல் ஒட்சைட்டுக்குச் சமம், அது 94 கிராம். 94 ÷ 149 = 63 வீதம். மூட்டையிலுள்ளது முழுத் தூய்மையானதல்ல என்பதால் 60 இல் நிற்கிறது.

இந்தக் கணக்கு மூலர்த் திணிவைச் சரிபார்க்க மட்டும். ஒரு தேயிலை மலைக்கு எவ்வளவு உரம், எவ்வளவு டொலமைட்டு போடுவது என்பதை மூல் கணக்கால் தீர்மானிக்கக்கூடாது. அது மண்ணைச் சோதித்துச் சொல்லவேண்டியது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பது அதற்குத்தான்.

## அறிகுறி 3: 10 இன் வலு எங்கேயோ போய்விட்டது

9 கிராம் தண்ணீரில் எத்தனை மூலக்கூறு என்று கேட்டால் 8.3 × 10⁻²⁵ என்று ஒரு விடை வரும். ஒன்றுக்கும் குறைவான மூலக்கூறு இருக்க முடியாது. 0.5 ஐ 6.022 × 10²³ ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டார்கள். சரியான விடை 3.011 × 10²³.

எளிய சோதனை: துணிக்கைகளின் எண்ணிக்கை கேட்டால் வலு நேராக, மிகப் பெரிதாக இருக்க வேண்டும். ஓர் அணுவின் திணிவு கேட்டால் வலு மறையாக, 10⁻²² முதல் 10⁻²⁴ கிராம் வரையில் இருக்க வேண்டும். சோடியம் அணு ஒன்று 23 ÷ (6.022 × 10²³) = 3.82 × 10⁻²³ கிராம். இந்த இரண்டு எல்லையையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பெருக்குவதா வகுப்பதா என்று முக்கோணம் வரைந்து மூடி மூடிப் பார்ப்பதைப் பல இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். முக்கோணத்தை விட்டுவிடுவதே நல்லது. எழுத்துக்களை இடம் மாற்றி வைத்தால் அது பிழையான விடையையும் அதே உறுதியோடு தரும். 'ஒரு மூலில் இத்தனை, அரை மூலில் எத்தனை?' என்று வாயால் கேளுங்கள். ஒரு டசின் முட்டை 12 என்றால் அரை டசின் எத்தனை என்று கேட்க யாரும் முக்கோணம் வரைவதில்லை.

பெருக்கல், வகுத்தல் சரியாக இருந்தும் வலு பிழைத்தால், சுட்டிகளைக் கையாள்வதில் சிக்கல். 2.4088 × 10²² ஐ 6.022 × 10²³ ஆல் வகுக்கும்போது எண்களைத் தனியாகவும் வலுக்களைத் தனியாகவும் பிரியுங்கள். 2.4088 ÷ 6.022 = 0.4. பிறகு 22 − 23 = −1, ஆக 10⁻¹. 0.4 × 10⁻¹ என்பது 0.04. இதை 4 என்று எழுதுபவர்கள் உண்டு. தசமப் புள்ளியை எதிர்ப்பக்கம் நகர்த்தியதால் வந்தது.

வலு தொடர்ந்து பிழைத்தால் போகவேண்டியது கணித ஆசிரியரிடம். சுட்டி விதிகளுக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் தீரும். அதற்காக இன்னொரு இரசாயனவியல் ரியூசனுக்குக் காசு கட்டுவது வீண்.

பழைய குறிப்புகளில் '12 கிராம் காபன்-12 இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே ஒரு மூல்' என்று இருக்கும். 2019 மே 20 முதல் மூல் என்பது நேரடியாக 6.02214076 × 10²³ துணிக்கைகள் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. பள்ளிக் கணக்கில் விடை மாறாது.

## அறிகுறி 4: ஆயிரம் மடங்கு வித்தியாசம்

அலகு. வேறெதுவும் தேடவேண்டாம்.

1 கன டெசிமீற்றர் 1000 கன சென்ரிமீற்றர், அதுவே ஒரு லீற்றர். செறிவு ஒரு கன டெசிமீற்றருக்கு என்று தரப்பட்டு, கனவளவு 250 கன சென்ரிமீற்றர் என்று தரப்பட்டால், முதலில் 0.25 ஆக்கிவிட்டுத்தான் பெருக்க வேண்டும். 0.1 × 0.25 = 0.025 மூல். 0.1 × 250 = 25 மூல் என்று வந்தால், சோடியம் ஐதரொட்சைட்டில் அது ஒரு கிலோகிராம். கால் லீற்றர் போத்தலுக்குள் அத்தனையா என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும். கிலோகிராம், மில்லிகிராமுக்கும் இதே வைத்தியம்: கேள்வியை வாசிக்கும்போதே எல்லாவற்றையும் கிராமுக்கும் கன டெசிமீற்றருக்கும் மாற்றி எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

## அறிகுறி 5: தாக்கம் வந்தால் மட்டும் பிழை

சமன்பாடு சமப்படவில்லை. முதலில் இதைப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

கிராமுக்குக் கிராம் விகிதம் போட்டது. சமன்பாட்டில் 2 மகனீசியத்துக்கு 1 ஒட்சிசன் என்றிருந்தால், அது 2 கிராமுக்கு 1 கிராம் அல்ல. விகிதம் மூலுக்கு மட்டுமே பொருந்தும். கிராமை மூலாக்கி, மூலில் விகிதம் பார்த்து, மீண்டும் கிராமாக்க வேண்டும். நடுப்படியைத் தாண்டிக் குதிக்க முடியாது.

எது முதலில் தீர்கிறது என்று பார்க்காதது. இரண்டு தாக்கிகளின் திணிவும் கேள்வியில் இருந்தால், அது எல்லைப்படுத்தும் தாக்கிக் கணக்கு. 4.8 கிராம் மகனீசியமும் 4.8 கிராம் ஒட்சிசனும் இருக்கின்றன. மகனீசியம் 0.2 மூல், அதற்குத் தேவையான ஒட்சிசன் 0.1 மூல், அதாவது 3.2 கிராம். ஒட்சிசன் 1.6 கிராம் மிஞ்சும். உண்டாகும் மகனீசியம் ஒட்சைட்டு 0.2 மூல், 0.2 × 40 = 8.0 கிராம்.

சோதனை: தொடக்கத்தில் 4.8 + 4.8 = 9.6. முடிவில் 8.0 + 1.6 = 9.6. இரண்டும் ஒத்தால் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போகலாம். ஒட்சைட்டு 9.6 கிராம் என்று எழுதியவர்களுக்கு மீதி ஒட்சிசன் மறந்துபோனது. 12 கிராம் என்று எழுதியவர்கள் ஒட்சிசனின் மூலை வைத்துக் கணித்துவிட்டார்கள், போட்ட 9.6 கிராமிலிருந்து 12 கிராம் வர வழியில்லை.

## அறிகுறி 6: தாளில் சரி, ஆய்வுகூடத்தில் பிழை

### கரைசல் நினைத்ததைவிட ஐதாக வருகிறது

எளியதிலிருந்து தொடங்குங்கள். 250 கன சென்ரிமீற்றர் தண்ணீரை அளந்து அதற்குள் திண்மத்தைப் போட்டீர்களா? அப்படிச் செய்யக்கூடாது. முகவையில் சிறிதளவு தண்ணீரில் கரைத்து, புனல் வழியாகக் கனமானக் குடுவைக்குள் ஊற்றி, முகவையையும் புனலையும் இரண்டு மூன்று தடவை கழுவி அந்தத் தண்ணீரையும் குடுவைக்குள்ளேயே விட்டு, பிறகு குறிவரை நிரப்ப வேண்டும். கடைசிச் சில துளிகளைத் துளிவிடு குழாயால் விடுங்கள். கண் குறிக்கு நேரே இருக்க, பிறையுருவின் (வளைந்து நிற்கும் நீர்மட்டத்தின்) அடி குறியைத் தொட வேண்டும். கழுவிய தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றினால், நிறுத்த மூலில் ஒரு பங்கும் அதோடு போய்விட்டது.

அடுத்தது, போத்தலில் இருந்த பொருள் நீங்கள் நினைத்ததுதானா? ஒரு கன டெசிமீற்றருக்கு 0.1 மூல் சோடியம் காபனேற்றுக் கரைசல் 250 கன சென்ரிமீற்றருக்கு நீரற்ற தூளில் 0.025 × 106 = 2.65 கிராம் வேண்டும். பத்துத் தண்ணீர் உள்ள பளிங்கு என்றால் 0.025 × 286 = 7.15 கிராம். பளிங்கை 2.65 கிராம் மட்டும் நிறுத்தால் செறிவு 0.037 க்கு இறங்கிவிடும். போத்தலின் பெயர்த்தாளை முழுதாக வாசியுங்கள். மூலர்த் திணிவும் அதிலேயே அச்சிட்டிருக்கும்.

பிறகு ஈரம். மூடுபனி யன்னல் வழியாக உள்ளே வரும் ஊர்களில் இது சின்ன விடயம் அல்ல. சோடியம் ஐதரொட்சைட்டு வில்லைகள் காற்றிலுள்ள ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் இழுத்துக்கொள்ளும். கடிகாரக் கண்ணாடியில் வைத்துவிட்டுத் தராசுக்காக வரிசையில் நின்றால், வில்லையின் மேற்பரப்பு கண்முன்னே நனைந்து மினுங்கும். அதன்பின் நிறுத்த 1.00 கிராமில் 0.025 மூல் இருக்காது. வேகமாக நிறுத்து, போத்தலை உடனே மூடுங்கள். கையால் தொடவேண்டாம், தோலைப் புண்ணாக்கும். எவ்வளவு கவனித்தாலும் இந்தக் கரைசலின் செறிவைத் தராசை நம்பிச் சொல்லக்கூடாது. செறிவு தெரிந்த அமிலத்தோடு தாக்கவிட்டு அளந்து, அதாவது நியமித்துத்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாகத் தராசு. மேசை மட்டமாக இருக்கிறதா, யன்னல் காற்று படுகிறதா, பூச்சியத்தில் தொடங்கியதா என்று பாருங்கள். கொழும்பில் அளவுத்திருத்தம் செய்த இலத்திரனியல் தராசை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால், உயரத்தால் புவியீர்ப்பு சற்றுக் குறைந்து 200 கிராமுக்கு 0.1 கிராமளவு வரை குறைத்துக் காட்டலாம். முக்கோல் தராசுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நியமப் படிக்கல்லை வைத்து அளவுத்திருத்துவது ஆசிரியரின் வேலை. மாணவர் அந்தப் பொத்தானைத் தொடவேண்டாம். செறிந்த அமிலத்தை ஐதாக்குவதும் அப்படியே, ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் கூடாது.

### வாயுவின் கனவளவு ஒத்துவரவில்லை

மகனீசியத்தை ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தில் இட்டு ஐதரசனை நீரின் மேல் சேகரிக்கும் பரிசோதனையில், 0.001 மூல் மகனீசியத்துக்கு 22.4 கன சென்ரிமீற்றர் வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நுவரெலியாவில் 30 ஐ அண்டி வரும். பலர் பரிசோதனை பிழை என்று எண்ணி 22.4 என்றே கொப்பியில் எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதவேண்டாம். உங்கள் 30 தான் சரி.

மூலுக்கு 22.4 கன டெசிமீற்றர் என்பது 0 பாகை செல்சியசிலும் ஒரு வளிமண்டல அமுக்கத்திலும் மட்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரம். அங்கே வளியமுக்கம் 101 அல்ல, 81 கிலோபசுக்காலை அண்டியது. 16 பாகையில் ஒரு மூல் உலர் வாயு 29.7 கன டெசிமீற்றர் பிடிக்கும். கொழும்பில் 30 பாகையில் 25 கன டெசிமீற்றரை அண்டும்.

வித்தியாசம் இதையும் தாண்டினால் மகனீசிய நாடாவைப் பாருங்கள். 0.024 கிராம் மகனீசியத்தை 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் தராசில் நிறுக்க முடியாது, அது 0.02 அல்லது 0.03 என்றே காட்டும். ஒரு மீற்றர் நாடாவை நிறுத்து நீளத்தால் பிரியுங்கள். மீற்றருக்கு 0.96 கிராம் என்றால் 2.5 சென்ரிமீற்றர் துண்டில் 0.024 கிராம். வெட்டுமுன் அரத்தாளால் தேய்த்து மினுங்க வையுங்கள், மேலே படிந்திருக்கும் சாம்பல்நிற ஒட்சைட்டிலிருந்து ஐதரசன் வராது.

உயர்தர மாணவர்கள் வாயுச் சமன்பாட்டால் திருப்பிக் கணித்துப் பார்க்கலாம். அமுக்கம் 81 இலிருந்து 16 பாகையில் நீராவியின் 1.8 ஐக் கழித்தால் 79.2 கிலோபசுக்கால். கனவளவு 30 கன சென்ரிமீற்றர், வெப்பநிலை 289 கெல்வின், வாயு மாறிலி 8.314. இட்டுப் பார்த்தால் 0.00099 மூல் ஐதரசன் மூலக்கூறு. போட்ட மகனீசியம் 0.001 மூல்.